டாங்கி தாட்ட காசிமின் ஊரில்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ரயில் வெலிக்கந்தை தாண்டிக் காட்டுக்குள் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் யானை. நான் ஐம்பத்தைந்து வருடமாக வசிக்கும் இங்கிலாந்தில் தண்டவாளத்தில் இலை விழுந்தாலே ரயில் நிற்கும். அதனால் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன்.

எதிரில் ஒரு சிங்களத் தம்பதி. மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, அதையே எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: “யானையிடம் டிக்கெட் இல்லை, அதனால் யாரும் அதை இறக்கிவிட முடியாது.” கணவர் சிரிக்காமல் சோற்றுப் பொதியைப் பிரித்தார். எனக்கும் ஒரு பங்கு வந்தது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கருவாடு.

“மட்டக்களப்பில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?” என்று ஆசிரியை கேட்டார்.

“என் பொய்யால் வேலை இழந்த ஒருவரை.”

“உயிரோடு இருக்கிறாரா?”

“தெரியாது.”

ஆசிரியை பொதியைத் தன் பக்கம் இழுத்தார். என் இலையில் இன்னொரு துண்டுக் கருவாடு வைத்தார்.

புறப்படுமுன் என் மகளும் இதைத்தான் கேட்டாள். எழுபத்தொன்பது வயதில், சர்க்கரை நோயோடு, யாரையப்பா தேடிப் போகிறீர்கள், அவர் மறந்திருப்பார் என்றாள். நான் மறக்கவில்லையே என்றேன். மருத்துவரும் வேண்டாம் என்றார். அவர் சொன்னதை எல்லாம் கேட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன் என்று அவருக்கும் பதில் சொன்னேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் திருச்சிக்காரன். பொறியியல் படித்துவிட்டு இருபத்துநாலு வயதில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே அப்போது ஒரு சிறிய டாங்கி உருவாகிக்கொண்டிருந்தது. ஸ்கார்பியன் என்று பெயர். முன்னே போய், எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துவிட்டு, அடி விழுவதற்குள் ஓடி வந்து சொல்ல வேண்டிய வண்டி. ஆகவே எல்லாமே எடை குறைக்கும் வித்தை. கவசம் அலுமினியக் கலவை. இஞ்சின், பணக்காரர்கள் ஓட்டிய காரின் பெட்ரோல் இஞ்சின். அதன் சக்தியை மட்டும் கொஞ்சம் அடக்கிப் பொருத்தினார்கள். மொத்தம் எட்டு டன், மூன்று ஆட்கள், ஒரு பீரங்கி. சாலையில் மணிக்கு ஐம்பது மைல் ஓடும். ஏழடிக்குக் கொஞ்சம் மேல்தான் அகலம். மலாயா ரப்பர் தோட்டத்தில் இரண்டு மரங்களுக்கு இடையே நுழைய வேண்டும் என்பதே அதற்குக் காரணம் என்று எங்கள் வரைபட மேசைகளில் பேசிக்கொள்வோம். தரையை அது அழுத்துவது, நடந்து போகும் மனிதனின் பாதம் அழுத்துவதைவிடக் குறைவு. நாம் முழங்கால்வரை புதையும் சேற்றில் அது போய்க்கொண்டே இருக்கும்.

என் பங்கு, தண்ணீர். வண்டியின் மேல்விளிம்பைச் சுற்றி ரப்பர் பூசிய துணித் திரை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஆற்றங்கரையில் அதைத் தூக்கி நிறுத்தினால் டாங்கி தோணியாகிவிடும். சங்கிலிப் பட்டைகளே துடுப்பு. அந்தத் திரையின் மடிப்புகளை வரைந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆயுதம் செய்ததற்கு வெட்கப்படுகிறீர்களா என்று என் பேத்தி கேட்பதுண்டு. இல்லை. நல்ல வேலை அது, நன்றாகச் செய்தோம். யாருக்குப் பிடிக்காவிட்டாலும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். நான் வெட்கப்படுவது ஒரே ஒரு காலைப் பொழுதுக்காக.

எண்பதுகளின் தொடக்கத்தில் வளைகுடா நாடொன்று அந்த டாங்கிகளை வாங்கியபோது, கூடவே என்னையும் அனுப்பினார்கள். அங்கே பட்டறையில் காசிம் என்ற மெக்கானிக் இருந்தார். மட்டக்களப்புக்கு வடக்கே ஏறாவூர்க்காரர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஒருநாள், கடற்கழி ஒன்றை டாங்கி நீந்திக் கடப்பதை அதிகாரிகளுக்குக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. காலையில் காசிம் வந்து, வெயிலில் காய்ந்து திரையின் மடிப்புகள் வெடித்திருக்கின்றன, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், கசிகிறது என்றார். நானோ முந்தைய நாளே திரையை விரித்துப் பார்க்காமல் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். கையெழுத்தைத் திரும்பப் பெற மானம் இடம் கொடுக்கவில்லை. “போடா, இது உன் ஊர்த் தோணி இல்லை” என்றேன்.

பாதிக் கழியில் டாங்கி தாழ்ந்தது. ஓட்டுநர் எப்படியோ நீந்தி வெளியே வந்துவிட்டார். விசாரணையில் நான், மெக்கானிக் திரையைத் தவறாக மடித்து வைத்துவிட்டார் என்றேன். காசிமை அந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இதைவிடப் பெரிய பாவங்கள் உலகத்தில் நடக்கின்றன. இது என்னுடையது.

யானை வழிவிட்டு, ரயில் மட்டக்களப்பு சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. புளியந்தீவில் ஒரு சிறு விடுதியில் தங்கினேன். சாப்பாட்டுக்கு நண்டுக் கறியும், கடைசியில் எருமைத் தயிரும், அதன்மேல் ஊற்றப் பாணி என்ற பாகும். சட்டியைக் கவிழ்த்தால் விழாத தயிர். இங்கிலாந்தில் தயிர் என்று விற்பதைக் குழாய் வழியே ஓடவிடலாம்.

விடுதிக்குப் பின்னால் வாவி. தொழில் புத்தி விடவில்லை. அக்கரையைப் பார்த்து, திரை தூக்க ஐந்து நிமிடம், நீந்த இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டு, அதை விடுதிக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தயிர்ச் சட்டியை எடுத்துக்கொண்டே சொன்னார்: “சில இடத்தில இடுப்பளவு தண்ணிதான் ஐயா. எங்கட ஆக்கள் நடந்தே போயிருவாங்க.”

மறுநாள் காலை ஏறாவூருக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் வந்தாறுமூலைக்காரர், நடுவயது. இந்தியாவா என்று கேட்டார். பிறகு என்ன தொழில் என்றார். சொன்னேன். ஆட்டோவின் வேகம் குறைந்தது.

“டாங்கி செஞ்சனீங்களா? அத இஞ்ச வெளியில சொல்லித் திரியாதீங்க ஐயா.”

“ஏன் சொல்லக் கூடாது? உண்மையைத்தானே சொல்கிறேன்.”

“யுத்த நேரம் எங்கட வட்டைக்குள்ள ஒண்டு வந்து நிண்டது. வேளாமை குடலைப் பருவம். வரம்பெல்லாம் மிதிபட்டுப் போச்சுது.” வட்டை என்று அவர் சொன்னது வயல்வெளியை; குடலை என்றது, கதிர் வெளிவரும் முன் நெற்பயிர் கருக்கொள்ளும் பருவத்தை.

“இலங்கையில் எங்கள் டாங்கி ஓடியதே இல்லை. அது வேறு ஏதோ வண்டி.”

“வரம்புக்கு அது தெரியுமா ஐயா?”

நான் சொன்னது உண்மை. அவர் கேட்டதும் சரி. இறங்கும்போது அவர், “இவ்வளவு தூரம் வந்து ஆரைத் தேடுறீங்க?” என்றார். சொன்னதும், “அப்ப போங்க. அது வேற” என்று தேநீர்க் கடை ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார்.

தேநீர்க் கடையில் காசிம் என்றதும் கடைக்காரர் கையை விரித்தார்.

“எந்தக் காசிம்? முட்டக் காசிமா, வாத்தியார் காசிமா, டாங்கி தாட்ட காசிமா?”

தாட்ட என்றால் மூழ்கடித்த என்று பொருள். கடைசியில் சொன்னவரைத்தான் என்றேன்.

“அவரா? ஹஜ்ஜுக்குப் போறார். ஊடு ஊடாப் பொருத்தம் தேடித் திரியிறார்.” ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் தெரிந்தவர்கள் வாசலுக்கெல்லாம் போய், தான் செய்த குற்றங் குறைகளைப் பொருந்திக்கொள்ளும்படி, அதாவது மன்னிக்கும்படி, கேட்டுவிட்டுப் போவது இங்குள்ள முஸ்லிம்களின் வழக்கம். “ஏன் அந்தப் பேர் எண்டு கேளுங்களன். வெளிநாட்டுல ஒரு டாங்கிய தண்ணிக்குள்ள தாட்டுப் போட்டு வந்தவர். அவர் சொல்றது, நான் இல்ல, இஞ்சினியர் விடியவே குடிச்சிருந்தவன், செஞ்சிட்டு எண்ட தலையில போட்டுட்டான் எண்டு. ஆர் கண்டா? நாப்பது வருசமா அவர் சொல்றார், நாங்க சிரிக்கிறம்.”

நான் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. தொழிற்சாலையின் கிறிஸ்துமஸ் விருந்தில்கூட ஆரஞ்சுச் சாறோடு நின்று கேலிக்கு ஆளானவன். ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தேன். நான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

காசிம் வீட்டு முற்றத்தில், வெள்ளைத் தொப்பியோடு, ஒரு தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தார்.

“இஞ்சினியர்” என்றார். பிறகு, “கிழண்டு போனீங்க.”

“நீங்களும்தான்.”

“நான் வெயில்ல கிழண்டன்.”

உள்ளே அவர் மனைவியின் குரல் கேட்டது: “ஆரு, அந்தக் குடிகாரனா?” காசிம் உள்ளே பார்த்து, “மெல்லப் பேசு, அவருக்குத் தமிழ் தெரியும்” என்றார்.

வந்த விஷயத்தைப் பேச இருவருக்கும் தைரியம் இல்லை. டாங்கியைப் பற்றிப் பேசினோம். அது சுலபமாக இருந்தது.

“மறுகா நம்மட வண்டிக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார். நம்மட வண்டி என்றார்.

சொன்னேன். தென் அட்லாண்டிக் தீவுப் போருக்கு அதைக் கப்பலில் கொண்டுபோனார்கள். புல்லுக்குக் கீழே ஊறிக் கிடக்கும் சதுப்பு நிலம். எந்த வண்டியும் போகாது என்று தளபதிகளே சொன்ன இடத்தில் அது போனது. பிறகு பிரிட்டிஷ் படை அதன் பீரங்கியைக் கைவிட்டது. சுட்டால் வரும் புகை, பீரங்கியைத் தாங்கிச் சுழலும் கூண்டுக்குள்ளேயே தங்கி ஆட்களைத் திணற அடித்தது. நல்ல உடல்களை வீணாக்காமல் வேறு கூண்டு வைத்து இன்னும் சில வருடம் ஓட்டினார்கள். வாங்கிய நாடுகள் சிலவற்றில் டீசல் இஞ்சின் மாற்றி வைத்துக்கொண்டார்கள். என் திரையை எல்லோரும் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

“அந்தப் பொகை!” காசிம் தொடையில் தட்டினார். “சுட்டு முடிஞ்சி தொடைக்க உள்ளுக்குப் போனா கண்ணு எரியும். உங்களுக்கிட்ட அப்பவே சொன்னன். அதயும் நீங்க கேக்கல்ல.”

“கேட்கவில்லை. அந்தத் திரை விஷயத்திலும்...”

அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். “இஞ்ச வேணா. ஊட்டுக்குள்ள சொன்னா ஊட்டுக்குள்ளதான் கிடக்கும். ஊரல்லுவா எனக்குப் பேர் வெச்சது? எண்ட மகனுக்குப் பொண்ணு பேசப் போன இடத்துல, டாங்கி தாட்டவர்ர மகனா எண்டு கேட்டவங்க. ஒழும்புங்க. எனக்கு இன்னம் பதினொரு ஊடு இரிக்கி. என்னோட வந்து வாசல் வாசலாச் சொல்லுங்க. அதுக்குப் பொறகு பொருந்துறதா இல்லியா எண்டு பாப்பம்.”

தனியாக ஒரு அறையில் மன்னிப்புக் கேட்டு, இருவரும் கண்கலங்கி, மாலை ரயிலைப் பிடித்துவிடலாம் என்றுதான் நான் எண்ணி வந்திருந்தேன். எழுந்தேன்.

முதல் வீட்டில் சுபைதா என்ற மூதாட்டி கோழிகளுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தார். காசிம், அவரது மாமரக் கொப்பு ஒன்றைக் கேட்காமல் வெட்டியதற்குப் பொருத்தம் கேட்டார். “பொருந்திட்டன் தம்பி, போய்ட்டு நல்லா வாங்க” என்றார் அவர். பிறகு காசிம் என் முழங்கையில் இடித்தார். நான் சொன்னேன்: டாங்கியை மூழ்கடித்தது நான், இவர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை, விசாரணையில் பொய் சொன்னேன்.

சுபைதா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். “குடிச்சிருந்தீங்களாமே?”

காசிம் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த வாசலுக்கு நடந்தேன்.

ஒவ்வொரு வீட்டிலும் பால் விடாத பிளேன்டீ. மறுத்தால் குற்றம். ஐந்தாவது வீட்டில் ஒரு மீன் வியாபாரி, கவசம் எதனால் செய்தது என்று விசாரித்தார். அலுமினியம் என்றேன்.

“அலுமினியமா? சட்டி செய்யிற அலுமினியமா? அப்ப தாழாம என்ன செய்யும்!”

“அலுமினியத்தால் தாழவில்லை. இரும்பால் செய்த கப்பல்கூட மிதக்கிறதே? துணி வெடித்திருந்தது. துணியைப் பார்க்காதது நான். வண்டியைக் குறை சொல்லாதீர்கள்.”

“பார்ரா, இன்னம் வண்டிக்கு வக்காலத்து!” என்று அவர் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் விடவில்லை. தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்கினேன். காசிமும் குனிந்து ஒரு கோட்டைத் திருத்தினார்.

ஏழாவது வீட்டில் எனக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். எட்டாவது வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மதுவின் தீமைகளை எனக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். கோப்பையைப் பிடித்திருந்த என் கை, சாப்பாடு தாமதமானதால் நடுங்கியது. அவர் அதைக் கவனித்துவிட்டு, “இன்னம் முழுசா விடல்ல போல” என்று காசிமிடம் இரக்கமாகச் சொன்னார். எனக்குப் பல் கடிபட்டது. எழுபத்தொன்பது வருட ஒழுக்கம் ஒரு பிளேன்டீக் கோப்பையில் கரைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினோராவது வீடு ஹனிபாவுடையது. முன்பு தபால்காரர், இப்போது கண் தெரியாது. காசிமுக்கு அந்தப் பெயரைச் சூட்டி, தபாலோடு தபாலாக ஊர் முழுக்கக் கொடுத்தவர் இவர்தான். நான் சொன்னதைத் தலை சாய்த்துக் கேட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அப்ப காசிம் சொன்னது மெய்தான்” என்றார். கைகளை நீட்டிக் காற்றில் தேடினார். காசிம் கிட்டப் போனதும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “மச்சான், நீ எங்கிட்டப் பொருத்தம் கேக்க வந்த. நான்தான்டா கேக்கணும். என்னப் பொருந்து.”

காசிம் தலையை மட்டும் ஆட்டினார். கண் தெரியாதவருக்கு அது தெரியாது என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. “பொருந்திட்டன், பொருந்திட்டன்” என்று இரண்டு முறை சத்தமாகச் சொன்னார்.

வெளியே வந்து ஒரு மதகில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

“உங்களையும் பொருந்திட்டன் இஞ்சினியர்” என்றார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், “இனி நீங்க என்னப் பொருந்தணும்” என்றார். “நீங்க அண்டைக்குக் குடிச்சிருக்கல்ல. குடிக்கிற ஆளே இல்ல, எனக்குத் தெரியும். ஊருக்கு வந்து நடந்தத நடந்த மாதிரித்தான் மொதல்ல சொன்னன். ஒருத்தனும் நம்பல்ல. படிச்ச மனுசன், அதுவும் நம்மட பாசை பேசுற ஆள், நல்ல நெலையில இரிந்துகொண்டு இப்பிடிச் செய்வானா எண்டு கேட்டாங்க. அதால குடிச்சிருந்தான் எண்டு சேத்துட்டன். பொய் சொல்லிட்டு ஹஜ்ஜுக்குப் போக ஏலா.”

பகல் முழுவதும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அது கையில் வந்ததும், அந்தப் பொய் யாருக்குச் சாதகமானது என்று புரிந்தது. குடித்தவனுக்குப் புத்தி மழுங்கியிருந்தது என்று ஊர் ஒரு சலுகை கொடுக்கும். அந்தச் சலுகையை நான் நாற்பது வருடமாக இந்த ஊரில், என்னை அறியாமலே, அனுபவித்திருக்கிறேன்.

“பொருந்திவிட்டேன்” என்றேன். “ஆனால் திரும்பிப் போக வேண்டும். பதினொரு வீட்டுக்கும்.”

“இனியா? மஹ்ரிபுத் தொழுகைக்கு நேரமாகுது. நான்தான் பொருந்திட்டனே, விடுங்க. குடிச்சவன் எண்டா சனம் பாவம் பாக்கும், உங்களுக்கும் அது நல்லம்.”

“அதனால்தான் போக வேண்டும்.”

“உங்களுக்கு அப்பவும் ஆர் சொன்னாலும் கேக்குற பழக்கம் இல்ல” என்று முணுமுணுத்தபடி எழுந்தார்.

சுபைதா கோழிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார். “என்ன, இன்னம் என்ன செஞ்சீங்க?”

“அன்றைக்கு நான் குடிக்கவில்லை” என்றேன். “இவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. புரிந்தது. தெளிந்த புத்தியோடுதான் அத்தனையும் செய்தேன்.”

அவர் காசிமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூட்டின் கதவைச் சாத்தினார்.

“அப்ப அது இன்னம் மோசமில்லியா?”

“ஓம்” என்று அவர்கள் பேச்சிலேயே ஒப்புக்கொண்டேன்.

காசிம் அதற்குள் அடுத்த வாசலில் நின்று சலாம் சொல்லிக்கொண்டிருந்தார்.